பத்மினியின் பாதங்களைக் காணோம்

பழைய தமிழ்ப் படங்களை ஒளிபரப்பும் தொலைக்காட்சி நிலையங்களில் படம் வாங்குகிறவர்களுக்கும், நிகழ்ச்சி அட்டவணை (எஃப்.பி.சி.) போடுகிறவர்களுக்கும், எடிட்டிங் அறையிலும் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறையான எம்.சி.ஆரிலும் இரவு பகலாக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும்



முதலில் நன்றி. ‘அந்த நாள்’, ‘ஏழை படும் பாடு’, ‘திகம்பர சாமியார்’ மூன்றையும் நான் பார்த்தது தொலைக்காட்சியில்தான். பி.யு. சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும் என் தலைமுறைக்கு அறிமுகமானது வீட்டுக் கூடத்தில். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியதிலிருந்து, பழைய படத்துக்குக் கொட்டகை மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்துவிட்டது. காலைக் காட்சியாகவும் நூன் ஷோவாகவும் பழைய பிரதிகளை ஓட்டிய தியேட்டர்களில் பல கல்யாண மண்டபமாகிவிட்டன. இணையத்தில் கிடைக்கும் பழைய படங்களைத் தேடினாலும், பலவற்றின் மூலையில் உங்கள் நிலையங்களின் லோகோதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1950களின் படம் ஒன்றை இன்று ஒரு பள்ளிப் பிள்ளை பார்க்கிறது என்றால், அது நீங்கள் காட்டிய படம். நீங்கள் எப்படிக் காட்டினீர்களோ அதுதான் அந்தப் பிள்ளைக்குப் படம்.

அதனால்தான் இவ்வளவு கோபம்.

சில வாரங்களுக்கு முன் ஒரு நிலையத்தில் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஓடியது. 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படம். கொத்தமங்கலம் சுப்புவின் கதை, கே.வி. மகாதேவனின் இசை. நாதஸ்வரக்காரனும் நாட்டியக்காரியும் ஒருவரையொருவர் வெல்லப் பார்ப்பதுதான் கதையே. பத்மினி ஆடுகிறார்; கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. சலங்கை கேட்கிறது, சலங்கையைக் காணோம். அடவு எங்கே விழுகிறது என்று பார்க்க வழியில்லை. சற்றுக் கழித்து அவர் கை உயர்த்தும்போது விரல்கள் திரைக்கு மேலே போய்விடுகின்றன. சிவாஜி வாசிக்கும்போது சீவாளி தெரிகிறது, விரல்களில் பாதி தெரிகிறது, அணசு வெளியே எங்கோ இருக்கிறது. நாட்டியத்தையும் நாதஸ்வரத்தையும் பற்றிய படத்தில் காலும் இல்லை, கையும் இல்லை.

இது ஒளிப்பதிவாளர் செய்த பிழை என்று இளையவர்கள் நினைத்துவிடக்கூடும். அப்படியல்ல. அந்தக் காலத்துப் படச்சட்டம் கிட்டத்தட்ட சதுரம்: உயரம் 1 என்றால் அகலம் 1.37. ஆடுகிறவரை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை நிறுத்த அதைவிடப் பொருத்தமான சட்டம் இல்லை. பழைய டிவி பெட்டியும் 4:3 என்ற ஏறக்குறைய அதே வடிவத்தில் இருந்ததால், அன்று இந்தச் சிக்கல் எழவில்லை. இப்போது வீட்டுக்கு வீடு 16:9 தட்டைத் திரை. அதை நிரப்ப உங்களில் சிலர் படத்தை அகலவாக்கில் இழுக்கிறீர்கள். முகங்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அகலமாகி, சாவித்திரியின் முகம் யாருடைய முகமோ ஆகிவிடுகிறது. மற்றவர்கள் மேலேயும் கீழேயும் வெட்டுகிறீர்கள். ஏறக்குறைய கால் பங்குப் படம் போய்விடுகிறது. தலைக்கு மேல் விட்ட இடமும் காலுக்குக் கீழே விட்ட இடமும் வீணான இடம் என்று யார் சொன்னது?

‘மாயா பஜார்’ படத்தில் லட்டுகள் தாமாகப் பறந்து எஸ்.வி. ரங்காராவின் வாய்க்குள் போகும். 1957இல், கணினி எதுவும் இல்லாமல், மார்க்கஸ் பார்ட்லி கேமராவிலேயே செய்த வித்தை. தட்டும் வாயும் ஒரே சட்டத்துக்குள் இருந்தால்தான் அது வித்தை. தட்டை வெட்டிவிட்டால் வாயைத் திறந்து வைத்திருக்கும் ஒரு மனிதர் மட்டும் மிஞ்சுகிறார். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தை ஸ்ரீதர் பெரும்பாலும் ஒரே ஆஸ்பத்திரி செட்டுக்குள் எடுத்தார். அந்த நாலு சுவருக்குள் அலுப்பு தட்டாமல் பார்த்துக்கொண்டது வின்சென்டின் கேமரா. சுவரையும் கூரையையும் கட்டிலையும் அளந்து அளந்து அவர் வைத்த சட்டத்தில், எது வேண்டும் எது வேண்டாம் என்று இன்று ஒரு மென்பொருள் பொத்தான் முடிவுசெய்கிறது.

இதைவிடக் கொடுமை சினிமாஸ்கோப் படங்களுக்கு நடக்கிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. உயரம் 1, அகலம் 2.35. தொலைக்காட்சி சதுரப் பெட்டியாக இருந்த நாளில், இத்தகைய படங்களின் இருபுறத்தையும் வெட்டி டேப்பில் ஏற்றினார்கள். 100 பங்கில் சுமார் 57 மிஞ்சியது. சபைக் காட்சியில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால் ஒருவர் மூக்கும் இன்னொருவர் தோளும் தெரிந்தது அதனால்தான். இப்போது உங்களில் சிலர் அதே பழைய டேப்பை எடுத்து, அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டுகிறீர்கள். 57இல் முக்கால் பங்கு என்றால் 43. எடுத்தவர்கள் எடுத்த படத்தில் பாதிகூட வீட்டுக்கு வரவில்லை. சினிமாஸ்கோப்பாக எடுத்த படத்தை, சினிமாஸ்கோப்புக்கு முன்பைவிட நெருங்கிய திரையில், இரண்டு முறை வெட்டிக் காட்டுகிறோம்.

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்த பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். புரொஜக்டரில் ஃபிரேமைச் சரிசெய்ய ஒரு திருகு உண்டு. படம் சற்றே இறங்கி நடிகரின் தலை வெட்டுப்பட்டால், மணலில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் விசிலடிக்கும், “ஆபரேட்டர்!” என்று கத்தும். “அந்தச் சத்தம் வந்தா டீயக் கீழ வச்சிட்டு ஓடுவேன் தம்பி. அரை நிமிஷம் தாமதிச்சா சேர் பறக்கும்” என்றார். மின்விசிறிகூட இல்லாத கொட்டகையில், தரை டிக்கெட் வாங்கியவருக்கு இருந்த உரிமை அது. வீட்டில் உட்கார்ந்து நாங்கள் அடிக்கும் விசில் உங்கள் எம்.சி.ஆருக்குக் கேட்பதில்லை. இந்த மடலை அந்த விசிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இருபுறமும் கறுப்பு விட்டுப் போட்டால் படம் சின்னதாக வருகிறது என்று நேயர்கள் போன் செய்கிறார்கள், டி.ஆர்.பி. குறைகிறது என்று சொல்வீர்கள். படம் தொடங்கும்போது ஒரே ஒரு வரி போடுங்கள்: இந்தப் படம் எடுக்கப்பட்ட அளவிலேயே காட்டப்படுகிறது. நம் நேயர்கள் அதைப் புரிந்துகொள்ளாதவர்கள் அல்லர். வெட்டாமல் போட்ட சில சினிமாஸ்கோப் படங்களுக்கு மேலும் கீழும் கறுப்பு வந்தபோது பழகிக்கொண்டவர்கள்தான் அவர்கள். ஒரு வேண்டுகோள்: அந்த இருபுறத்தில் பூவேலையும் மங்கலான பிம்பமும் போட்டு நிரப்பாதீர்கள். வெறும் கறுப்பு போதும்.

அடுத்தது டைட்டில் கார்டு. நேரம் மிச்சம் பிடிக்க நீங்கள் முதலில் கை வைப்பது இதில்தான். நிறுவனத்தின் பெயர், படத்தின் பெயர், நாயகன் பெயர், பிறகு நேராக முதல் காட்சி. எனக்கு வயிறு எரிவது இங்கேதான். ஒலிப்பதிவு செய்தவர், செட் போட்டவர், ஒப்பனை செய்தவர், நெகடிவ் கழுவிய லேபரட்டரி, ஸ்டில் எடுத்தவர், துணை நடிகர்கள் என்று அந்தப் படத்துக்காக உழைத்த பலருக்கு இந்த உலகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த மூன்று நிமிடம்தான். பாட்டுப் புத்தகங்களையும் விளம்பரங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேகரித்து தமிழ்ப் பட விவரங்களைத் தொகுத்தவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். தனி மனிதர் ஒருவர் அப்படிப் பாடுபட்டுத் திரட்டியதை நீங்கள் ஒவ்வொரு ஒளிபரப்பிலும் இலவசமாகக் கொடுக்க முடியும், வெட்டாமல் விட்டால். ஸ்ரீதருக்கு உதவியாளராக இருந்து பின்னால் இயக்குநரான சி.வி. ராஜேந்திரன் போன்றோரின் பெயர் கீழ் வரியில் சிறிய எழுத்தில் வரும் அந்த நொடி, திரைப்பட வரலாறு படிக்கும் பிள்ளைக்கு ஒரு பாடம். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கையில் வைத்திருந்த நாதஸ்வரத்துக்குள் மூச்சு விட்டவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பதைக் கதாநாயகன் பெயரோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் தமிழர்கள் அனைவரும்.

தொடக்கத்தைப் போலவே முடிவும். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ கடைசிக் காட்சியில் விஜயன் ஆற்றில் இறங்குவார். ஊர் கரையில் நிற்கும். இளையராஜா இசையைக் குறைத்துவிட்டு அமைதியைப் பேசவிடும் இடங்கள் அந்தப் படத்தில் பல. அந்தக் கடைசிக் காட்சி ஒளிபரப்பானபோது திரையின் கீழ்ப்பாதியில் அடுத்த நிகழ்ச்சியின் ப்ரோமோ துள்ளிக் குதித்தது. ஓசையோடு. ஒரு சாவு வீட்டுக்குள் பேண்டு வாத்தியக்காரர்கள் நுழைந்தது போல இருந்தது. ‘சுபம்’ என்றோ ‘வணக்கம்’ என்றோ வரும் கடைசி அட்டைவரை படத்தை ஓடவிடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் யாரும் சேனலை மாற்றிவிட மாட்டார்கள். மாற்றுகிறவர்கள் எப்படியும் மாற்றுவார்கள்.

விளம்பரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலவசமாகப் பார்க்கிறோம், அதற்கு யாரோ பணம் தர வேண்டும். புகைபிடிக்கும் காட்சிகளில் வரும் எச்சரிக்கையும் சட்டப்படி வருவது, அதிலும் குறையில்லை. ஆனால் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளை எடுத்துப் பாருங்கள். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்கிறது. அதில் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் உங்கள் சொந்த ப்ரோமோ. நிகழ்ச்சி ஓடும்போது திரையின் கீழ்ப்பகுதியில் எழுத்து ஓட்டி அதற்கு இடையூறு செய்யக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. படத்தின் மேலேயே ஆஸ்டன் என்றும் எல்-பேண்ட் என்றும் நீங்கள் விற்கும் விளம்பரப் பட்டைகள் எல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? படத்தையே சுருக்கி மூலைக்குத் தள்ளிவிட்டு எல் வடிவத்தில் நகைக்கடை விளம்பரம் ஓடும்போது, ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல பாலையா நடுங்கும் காட்சி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காட்சியில் பெரிய செட்டும் இல்லை, பேயும் இல்லை. நாகேஷ் வாயால் எழுப்பும் ஓசையும் பாலையாவின் முகமும்தான் இருக்கின்றன. ஒன்றை ப்ரோமோவின் இசை விழுங்குகிறது, மற்றொன்றை எல்-பேண்ட் விழுங்குகிறது.

பிரேக் போடும் இடமும் ஒரு கலை. அன்றைய படங்களில் காட்சி இருண்டு மறுகாட்சி விடியும் இடங்கள் எத்தனையோ உண்டு. இயக்குநரே ‘இடைவேளை’ என்று எழுதிக் கொடுத்த இடமும் உண்டு. அங்கே போடுங்கள். சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவில் சோப்பு வர வேண்டாம்.

ஒலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது பலரும் கவனிக்காதது. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. நம் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. சுருளிலிருந்து டேப்புக்கு ஏற்றிய பழைய டெலிசினி மாற்றங்களில் 24ஐ அப்படியே 25ஆக ஓட்டி ஏற்றிவிட்டார்கள். இதனால் நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடுகிறது. இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடிகிறது. அது போகட்டும். பாட்டின் சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடுகிறது. வானொலியில் கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்த டி.எம். சௌந்தரராஜனின் குரல் டிவியில் ஏதோ அவசரத்தில் இருப்பது போலத் தோன்றுவதன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். நாலு பேர் அமர்ந்து நாதஸ்வரம் கேட்கும் ஊரில், சுருதி தெரிந்த காதுகள் நிறைய இருக்கின்றன. இன்றைய கருவிகளால் இதைச் சரிசெய்வது கடினமான வேலை அன்று. செய்ய வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் போதும்.

பாட்டையே தூக்கிவிடுவது வேறு கதை. ‘சந்திரலேகா’ மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த படம். அதை விளம்பரத்தோடு மூன்று மணி நேரத்தில் அடக்க நினைத்தால் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். அப்போது முதலில் போவது கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். கதைக்குத் தேவையில்லாத காமெடி ட்ராக் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தக் காலத்துப் படத்தில் கலைவாணர் வரும் காட்சிகளுக்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. முரசு நடனத்தை மட்டும் முழுசாகக் காட்டிவிட்டு மற்றதைச் சுருக்கினால், வாசன் எடுத்தது ஒரு நடனம் என்றுதான் வருங்காலம் எண்ணும்.

எந்தப் படங்களைக் காட்டுகிறீர்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களில் ஒரு கைப்பிடியளவு, ஜெமினி படங்களில் சில, மறுபடியும் அதே வரிசை. 1940களை அநேகமாகத் தொடுவதில்லை. சின்னப்பாவின் ‘ஜகதலப்பிரதாபன்’, பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட பாகவதரின் ‘ஹரிதாஸ்’ எல்லாம் ஆண்டுக்கு ஒரு முறையாவது வரக் கூடாதா? யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற பதில் எனக்குத் தெரியும். 1964இன் ‘கர்ணன்’ 2012 மார்ச்சில் மறுபடியும் தியேட்டருக்கு வந்தபோது, சென்னையில் 100 நாளைக் கடந்து ஓடியது. அதைப் பணம் கொடுத்துப் பார்த்தவர்களில் படம் முதலில் வந்தபோது பிறந்தேயிராத இளைஞர்களும் இருந்தார்கள். நல்ல பிரதியும் நல்ல ஒலியும் கொடுத்தால் ஆள் வரும் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

இப்போது நான் மிகவும் அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. இன்று ஒரு பிரதிகூட இல்லை. கே. சுப்பிரமணியத்தின் ‘சேவாசதனம்’ இல்லை. அவருடைய ‘தியாகபூமி’ இருப்பது புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் புண்ணியம். நைட்ரேட் சுருள்கள் தீப்பிடித்தன. கறுப்பு வெள்ளைப் பிரதிகளை அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கினார்கள். ஈஸ்ட்மென் கலர் பிரதிகள் நீலமும் பச்சையும் இழந்து செம்பழுப்பாகிவிட்டன. இத்தனைக்கும் தப்பிய படங்களை 1990களில் நீங்கள் மொத்தமாக வாங்கி டேப்பில் ஏற்றினீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தயாரிப்பாளர் வீடுகளில் பெட்டிகள் வீசப்பட்டன, ‘டிவிக்காரங்ககிட்ட இருக்கு’ என்ற தைரியத்தில். சில படங்களுக்கு உங்கள் லைப்ரரி அலமாரியில் கிடக்கும் அந்த பீட்டாகாம் கேசட்டே மிஞ்சிய நல்ல நகலாக இருக்கக்கூடும்.

அந்த கேசட்டிலிருந்து 16:9க்கு வெட்டி ஒரு ஃபைல் செய்து சர்வரில் போட்டுவிட்டு, இடமில்லை என்று கேசட்டை எடைக்குப் போட்டால் என்ன ஆகும்? பத்மினியின் பாதங்கள் அன்றைய ஒளிபரப்பில் மட்டும் காணாமல் போகவில்லை, எப்போதைக்குமாகப் போய்விட்டன. ஓட்டுவதற்கு மெஷின் கிடைக்கிற இந்தச் சில ஆண்டுகளுக்குள், ஒவ்வொரு டேப்பையும் வெட்டாமல் இழுக்காமல் உள்ளபடியே டிஜிட்டலாக மாற்றி வையுங்கள். ஒளிபரப்புக்கு என்ன வேலை செய்தாலும் அது நகலில் நடக்கட்டும். எடைக்குப் போடும் முன் புனேக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்களிடம் இருப்பது என்னென்ன என்று ஒரு பட்டியலை வெளியிடுங்கள். உரிமை உங்களுடையதாகவே இருக்கட்டும். என்ன இருக்கிறது என்பதாவது ஊருக்குத் தெரியட்டும்.

மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு, ஒரே ஒரு படத்தை இப்படி முழுசாகக் காட்டிப் பாருங்கள். முதல் படமாக ‘அந்த நாள்’ போடலாம். வீணை எஸ். பாலசந்தர் 1954இல் ஏவி.எம்.முக்கு எடுத்தது, பாட்டு இல்லை, நடனம் இல்லை, மாருதி ராவின் நிழலும் ஒளியும். சிவாஜி சுடப்பட்டு விழுவதில்தான் கதையே தொடங்குகிறது, ஆகவே முதல் நிமிடத்தை விட்டால் எல்லாம் போயிற்று. கொன்றது யார் என்பதை ப்ரோமோவில் காட்டிவிடாமல் இருந்தால் இன்றைக்கும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். ஓடும் நேரம் சுமார் 130 நிமிடம். மூன்று மணி நேரம் ஒதுக்கினால், விதி அனுமதிக்கும் விளம்பரம் அத்தனையும் போட்டாலும் 36 நிமிடம். மொத்தம் 166. டைட்டில் கார்டையும் கடைசி அட்டையையும் அந்த 130 நிமிடத்துக்குள்ளேயே எடுத்தவர்கள் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். உங்களிடம் இன்னும் 14 நிமிடம் மிச்சமிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய படங்களை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு நேயர்